ஆளுநர் வீட்டுச் சம்பந்தம்

கனடாவுக்கு வருகிற எங்கள் ஆட்கள் அகதியாக வருவார்கள், அல்லது அகதியாக வந்தவர்களைப் பார்க்க வருவார்கள். நான் வந்தது ஒரு ஹங்கேரிக்கார மாப்பிள்ளையை விசாரிக்க. கொழும்பில் பெண்கள் பாடசாலையொன்றில் சரித்திரம் படிப்பிக்கும் நாற்பத்தாறு வயது ஆசிரியை, ஐரோப்பாவின் பழைய பிரபுக் குடும்பம் ஒன்றைத் துப்பறிய டொரொன்டோ போகிறாள் என்றால் எந்த அதிபர் லீவு தருவார்? அதனால் கடிதத்தில் ‘அக்காவுக்குக் கடும் சுகயீனம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

அது முழுப்பொய்யும் அல்ல. அக்காவின் ஒரே மகள் சுபா, தன்னோடு மார்க்கம் நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை செய்யும் மிக்லோஷ் என்ற பையனைத்தான் கட்டுவேன் என்று சொன்ன நாளிலிருந்து அக்காவுக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை. அத்தானுக்கு இரண்டும் ஒழுங்காக நடந்தன. அவருக்கு இருந்தது வேறு கவலை. ‘என்ன ஆக்கள்?’

எங்களிடையே ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தால் முதலில் நடப்பது விசாரணை. பையனின் படிப்பு, வேலை எல்லாம் பிறகு. யுத்தம் எங்களை உலகம் முழுக்க வாரி இறைத்தும் இந்தத் தொழில் மட்டும் படுக்கவில்லை. டெலிபோன் வந்தபிறகு விருத்தி அடைந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஸ்காபரோவில் ஒரு பையன் என்றால் லண்டனுக்கு ஒரு கோல், பாரிசுக்கு ஒரு கோல், கொழும்புக்கு ஒரு கோல். அரை மணித்தியாலத்தில் அவனுடைய பூட்டனார் எந்த வருடம் யாருடைய வேலியை அரக்கிக் காணி பிடித்தார் என்பது வரை வந்து சேர்ந்துவிடும். மிக்லோஷ் விசயத்தில்தான் இந்த மாபெரும் இலாகா முதல் தடவையாகக் கையை விரித்தது. புடாபெஸ்டில் எங்களுக்கு ஒரு ஒன்றுவிட்ட சித்தப்பாகூட இல்லை.

“மச்சாள், நீர் ஹிஸ்டரி படிப்பிக்கிற ஆள்தானே,” என்றார் அத்தான் டெலிபோனில். “உந்த ராசா மந்திரியளின்ர கதையெல்லாம் உமக்குத்தான் விளங்கும். ஒருக்கா வந்து விசாரிச்சுச் சொல்லும். நீர் சரியெண்டாச் சரி, இல்லையெண்டா இல்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் குடும்பத்தின் நிரந்தர விசாரணை அதிகாரி அத்தான்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் என் விசயத்தையும் அவர்தான் விசாரித்தார். நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்த ஒருவர். மூன்று வருடமாகக் கடிதம் எழுதினார். அழகான கையெழுத்து. அத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் சைக்கிளில் அவருடைய ஊருக்குப் புறப்பட்டுப் போனார். பின்னேரம் திரும்பி வந்து, கால் கழுவிவிட்டு, “ஆக்கள் சரியில்லை” என்றார். என்ன சரியில்லை என்று என்னைப் பெற்ற ஐயாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் அதையெல்லாம் கேட்பதில்லை. நான் பிறகு ஒருவரையும் கட்டவில்லை. இப்போது அந்த உத்தியோகம் எனக்கே வந்திருக்கிறது.

முதல் நாள் முழுக்க மோர்னிங்சைட்டில் அக்காவின் பதினாலாம் மாடி அப்பார்ட்மென்டில் படுத்துக் கிடந்தேன். யன்னலுக்கு வெளியே ஒக்டோபர் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. ‘இலைகளைப் பார்த்தாயா?’ என்று வந்து போனவர்கள் எல்லாரும் கேட்டார்கள். இலை உதிர்வதைப் பார்ப்பதற்குக் குடும்பத்தோடு காரில் புறப்படும் நாடு இது. எங்கள் ஊரில் அதைக் கூட்டித்தான் அள்ளுவோம். அக்கா இடியப்பமும் சொதியும் தந்தாள். ஒன்பதாயிரம் மைல் கடந்து வந்து அதே இடியப்பம். லிஃப்டுக்குள் ஏறினால் ஏழாம் மாடியில் மீன் குழம்பு, ஒன்பதாம் மாடியில் சாம்பிராணி. எந்த மாடி என்று பார்க்க இலக்கமே தேவையில்லை.

இரண்டாம் நாள் அத்தான் கோப்பைத் திறந்தார். உண்மையிலேயே ஒரு கோப்பு வைத்திருந்தார். மிக்லோஷின் தாய் தகப்பன் வன்கூவரில். அவனை வளர்த்தது டொரொன்டோவில் இருக்கும் பாட்டனார் பேலா. ஐம்பத்தாறில் அகதியாக வந்தவர். அவரோடு அத்தான் டெலிபோனில் இரண்டு தரம் பேசியிருக்கிறார்.

“லாட்ஸ்க்ஃபி எண்ட குடும்பம். அறுநூறு வருசத்துக்கு முந்தி ட்ரான்சில்வேனியாவுக்கு கவர்னராம். தகப்பன், தகப்பன்ர தம்பி, பிறகு பெடியள் எல்லாரும். வழிவழியா அரசாங்க உத்தியோகம், மச்சாள்!”

“பென்சனும் இருந்திருக்கும்,” என்றேன்.

அத்தான் அதைக் குறித்துக்கொண்டார். மாவட்ட அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவருக்கு அது முக்கியமான தகவல். பிறகு கொஞ்சம் தயங்கி, “நானும் சும்மா விடேல்லை. நாங்கள் நல்லூர் ராசாவின்ர மந்திரி பரம்பரை எண்டு சொல்லிப்போட்டன். நீரும் அங்க போய் அப்பிடியே சொல்லும்,” என்றார்.

அத்தானின் பாட்டனார் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். நல்ல சுருட்டு என்று ஐயா சொல்லுவார். ராசா அவரிடம் சுருட்டு வாங்கினாரா என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பேலாவைப் பார்க்கத் தனியாகவே புறப்பட்டேன். பஸ் பிடித்து சப்வே வரை வந்தது சரி. ரெயினுக்குள்தான் பிழை வந்தது. இங்கே ரெயினில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லாரும் எதிரே இருக்கும் விளம்பரத்தைப் படிக்கிறார்கள், தினமும் அதே விளம்பரத்தை. கொழும்பு பஸ்ஸில் மூன்று தரிப்பு தாண்டுவதற்குள் பக்கத்துச் சீட்டுக்காரிக்கு என் சம்பளமும், நான் ஏன் கட்டவில்லை என்பதும் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில், இடம் வந்ததும் கண்டக்டர் சத்தம் போட்டு என்னை இறக்கிவிடுவார் என்று காத்திருந்தேன். ஒலிபெருக்கி ஏதோ கரகரத்தது, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நகரத்தின் கிழக்கு முனையில் ஏறியவள் மேற்கு முனையில் இறங்கினேன். அங்கே நின்ற உத்தியோகத்தர் நான் தவறவிட்டதற்கு என்னிடமே மன்னிப்புக் கேட்டு எதிர்ப்பக்க ரெயினில் ஏற்றிவிட்டார். இந்த ஊரில் காலை மிதித்தவனும் சொறி சொல்கிறான், மிதிபட்டவனும் சொறி சொல்கிறான்.

பேலாவின் வீடு புளோர் தெருவில் ஒரு பாண் பேக்கரிக்கு மேல்மாடி. எழுபத்தைந்து வயது, நெடிய மனிதர். கோட்டும் டையும் கட்டிக்கொண்டு படியிலேயே நின்றார். என் கையைப் பிடித்து முத்தமிட்டார். இருபத்தைந்து வருட ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதலாவது மரியாதை அது என்பதால் கையை உடனே இழுக்கவில்லை.

சுவரில் கேடயம் வரைந்த ஒரு சின்னம், அதற்குக் கீழே வம்ச மரம். ஆயிரத்து முந்நூறில் தொடங்கிக் கிளைவிட்டு, ஆயிரத்து நானூறு வரை பெயர்கள் நெருக்கமாக இறங்கின. பிறகு ஐந்நூறு வருடத்துக்கு வெறும் தாள். அடியில் ‘பேலா’.

“நடுவில் உள்ளவர்கள்?” என்று கேட்டேன்.

“ஆவணங்கள் போரில் எரிந்துவிட்டன, அம்மணி,” என்றார் தன் கனத்த ஆங்கிலத்தில். “உங்கள் மந்திரி பரம்பரையின் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றனவா?”

“எங்களுடையதும் போரில்தான் எரிந்தது,” என்றேன்.

இருவரும் துக்கத்தோடு தலையாட்டிக்கொண்டோம்.

சாப்பாடு வந்தது. தட்டைவிடப் பெரிதாக, ரொட்டித் தூளில் பொரித்த இறைச்சி. பக்கத்தில் ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய். அதைவிட அதிசயம் கசகசா. நாங்கள் குருமாவுக்கு ஒரு சிட்டிகை போட்டுவிட்டு விலையை நினைத்துக் கவலைப்படுகிற சாமான். இவர்கள் கறுப்புக் கசகசாவை அரைத்து, சீனியோடு, பணிஸ் மாவுக்குள் கைப்பிடி கைப்பிடியாகச் சுருட்டியிருந்தார்கள். கடைசியில் அப்ரிகொட் பழச் சாராயம் ஒரு விரற்கடை அளவு. குடிக்காவிட்டால் ஆளுநர் குடும்பத்துக்கு அவமானம் என்றார். எங்கள் அதிபரை நினைத்துக்கொண்டு குடித்தேன். நெஞ்சு முழுக்க எரிந்தது, ஆனால் குளிர் விட்டுப்போனது.

நான்காம் நாள் நகர நூலகத்துக்குப் போனேன். எங்கள் பாடசாலையில் புத்தக அலுமாரியின் திறப்பு அதிபரிடம் இருக்கும், அதிபர் கூட்டத்தில் இருப்பார். இங்கே ஒரு பெண் நான் கேட்காத புத்தகங்களையும் சேர்த்துத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, இது போதாமைக்குச் சொறி சொன்னாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

லாட்ஸ்க்ஃபி குடும்பம் பொய்யில்லை. முப்பது வருடத்துக்கு அண்மையாக ட்ரான்சில்வேனியா ஆளுநர் பதவி அநேகமாக அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. அண்ணன் இறங்கத் தம்பி ஏறுவான். அதைத் தேர்தல் வைத்துச் செய்கிற எங்கள் நாடு முன்னேறிய நாடுதான். அவர்களில் ஒருவர் பிறகு அரசனுக்கு அடுத்த பதவி வரை போனார். போனவருக்கு அரசனைப் பிடிக்காமல் போய்விட்டது. வேறொருவனை முடிசூட்டப் பார்த்தார். அரசன் கோபிக்கவில்லை. ‘பேச்சுவார்த்தைக்கு வாருங்கள், உயிருக்கு உத்தரவாதம்’ என்று சபைக்கு அழைத்தான். வந்தவரை அங்கேயே வெட்டினார்கள். காணி பூமி எல்லாம் பறிமுதல். இலங்கையிலிருந்து வந்தவளுக்கு இதில் புதினம் எதுவும் இல்லை, பக்கத்தைத் திருப்பினேன்.

அடுத்த பக்கத்தில்தான் விசயம் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வம்சமே அற்றுப்போய்விட்டது. ஒரு ஆண்பிள்ளையும் மிச்சமில்லை. அப்படியென்றால் பேலா யார்?

அந்தப் பக்கத்தை போட்டோகொப்பி எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அத்தான் ‘இல்லை’ சொல்வதற்கு அந்த ஒரு தாள் போதும். சுபாவின் கல்யாணம் என் கைப்பைக்குள் கிடந்தது. அன்றிரவு சுபா எனக்குக் கம்பளி கொண்டுவந்து தந்தாள். “சித்தி, ஹீ இஸ் எ குட் கை, ஓகே? அப்பா நோ சொன்னா நான் மீறிப் போகமாட்டன். பட் வேற ஆரையும் கட்டமாட்டன்,” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் கடைசி வசனம் எனக்கு நன்றாகத் தெரிந்த வசனம்.

ஐந்தாம் நாள் மறுபடி புளோர் தெரு. இந்த முறை நிலையங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டு சரியாக இறங்கினேன். பேலாவின் முன்னால் தாளை விரித்து வைத்தேன். அவர் கண்ணாடி போட்டு ஆறுதலாக வாசித்தார். பிறகு எழுந்து கோட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டினார். கோட்டில்லாமல் அவர் ஒரு சுற்றுக் குறைந்து தெரிந்தார்.

“என் பெயர் கோவாச்,” என்றார். “எங்கள் நாட்டில் கல்லெறிந்தால் ஒரு கோவாச்சின் தலையில்தான் விழும். அப்பா குதிரைக்கு லாடம் அடிப்பவர்.”

அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் அந்தப் பழைய பிரபுவின் கல்லறை இருந்ததாம், ஒரு சிவப்புக் கல். பூசைக்கு முன் அதைத் துடைப்பது சின்ன வயதில் அவருடைய வேலை. ஐம்பத்தாறில் எல்லை தாண்டி ஓடிவந்தபோது தாயும் தம்பியும் அங்கே அகப்பட்டுக்கொண்டார்கள். ஓடியவன் பெயர் தெரிந்தால் இருந்தவர்களுக்கு ஆபத்து. ஒஸ்திரியாவில் அகதி முகாம் மேசையில் பெயர் கேட்டார்கள்.

“வாயில் வந்தது அந்தக் கல்லில் இருந்த பெயர். அதற்குச் சொந்தக்காரர் ஒருவரும் உயிரோடு இல்லை. யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன். பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். சுவரில் ஒரு மரம் தேவைப்பட்டது.” சுவரைப் பார்த்தபடி, “மிக்லோஷுக்குத் தெரியாது. சொல்லப்போகிறீர்களா?” என்றார்.

“பையன் எப்படி?” என்று கேட்டேன். இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்காத கேள்வி அது என்பது கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது.

“சட்டையை மடித்து வைக்கமாட்டான். காரை வேகமாக ஓட்டுவான். பொய் சொல்லத் தெரியாது. வீட்டில் அந்த வேலை முழுவதையும் நானே செய்துவிட்டேன்.” தன் கால் செருப்பைப் பார்த்தார். “எனக்கு இப்போது குனிந்து நகம் வெட்ட முடியாது. சனிக்கிழமைகளில் வந்து வெட்டிவிடுகிறான். இதுவரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.”

தாளை மடித்துத் திரும்பவும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கசகசா பணிஸ் ஒன்று பொதி செய்து தந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசாரணை அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. அக்கா மேசையில் ஆட்டிறைச்சிக் கறியை வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். சுபா தன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அத்தான் கோப்பைத் திறந்து பேனையோடு தயாராக இருந்தார்.

“கவர்னர் எண்டது மெய்தானோ?”

“ஓம் அத்தான். புத்தகத்திலை இருக்கு. கவர்னருக்கு மேலையும் போயிருக்கினம்.”

“பிறகென்ன நடந்தது? ஏன் பெரியவர் பேக்கரிக்கு மேலை இருக்கிறார்?”

“கதைக்கக் கூப்பிட்டு ஆளை வெட்டிப்போட்டாங்கள். காணியெல்லாம் பறிச்சாச்சு.”

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அத்தான் எழுதுவதை நிறுத்தினார். பேனையை மூடி வைத்தார். ஊரில் அவருடைய வீடு வளவு முழுக்க ஆமிக்காரர் முள்ளுக்கம்பி அடித்து வைத்திருக்கும் இடத்துக்குள் இருக்கிறது. பத்து வருடமாக அதன் வாசல் படலையைக்கூட அவர் கண்டதில்லை.

“அப்ப எங்கட மாதிரி ஆக்கள்தான்,” என்றார். “சரி, நல்ல நாள் பாப்பம்.”

சுபா கதிரையைத் தள்ளிவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அக்கா எத்தனையோ நாளைக்குப் பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டாள். அத்தானை இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்குப் பிடித்தது. அது சரியாகப் பன்னிரண்டு நாள் நீடித்தது.

திரும்புகிற நாள் எயார்போர்ட்டுக்கு அத்தான்தான் காரில் கொண்டுபோனார். சுபாவும் அக்காவும் பின் சீட்டில். நாலாபுறமும் பன்னிரண்டு நிரையில் கார்கள் பறந்தன. அத்தான் ட்ரான்சில்வேனிய ஆளுநர்களின் வீரதீரங்களை எனக்கே விளக்கிக்கொண்டு வந்ததில் இறங்கவேண்டிய பாதையைத் தவறவிட்டார். அடுத்ததையும் தவறவிட்டார். யாரையும் வழி கேட்பது அவருடைய கௌரவத்துக்கு ஒவ்வாது. ஏதோ ஒரு தொழிற்சாலை வளவைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

“விசாரணை எண்டா உப்பிடி இருக்கவேணும், மச்சாள். என்னட்டைப் பழகினது வீண்போகேல்லை,” என்றார்.

அப்போதுதான் கேட்டேன். “என்ர விசயத்திலை என்ன குறையைக் கண்டனீங்கள், அத்தான்?”

“எந்த விசயம்?”

“சேர்வேயர் கந்தோரிலை இருந்தவர். நீங்கள் சைக்கிளிலை போய் விசாரிச்சனீங்கள்.”

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். “ஓ, உதுவே! நான் அந்த ஊருக்குப் போகேல்லையே. பாதி வழியிலை சைக்கிள் ரியூப் வெடிச்சுப்போச்சு. நல்ல வெய்யில். ஒட்டுற கடைக்காரனை உந்த ஆக்களைத் தெரியுமோ எண்டு கேட்டன். தெரியாது எண்டான். ஒருத்தருக்கும் தெரியாத ஆக்கள் என்ன ஆக்கள்? திரும்பி வந்திட்டன்.” சிரித்தார். “அதுக்கென்ன இப்ப?”

பின் சீட்டிலிருந்து அக்கா முன்னுக்குச் சாய்ந்து அத்தானைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது என்று விளங்கியது. இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதரின் வீட்டில் என்ன குறை இருந்திருக்கும் என்று நான் ஒவ்வொன்றாகக் கற்பனை செய்து, ஒவ்வொன்றையும் மன்னித்து வைத்திருந்தேன். ஒரு சைக்கிள் ரியூபை அந்தப் பட்டியலில் நான் சேர்த்திருக்கவில்லை.

கைப்பைக்குள் கை போனது. போட்டோகொப்பி விரலில் தட்டுப்பட்டது. அதை விரித்து ஸ்டியரிங்கின் மேல் வைத்து, ‘உங்கள் கவர்னர் குதிரைக்கு லாடம் அடித்தவரின் மகன்’ என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். அத்தானின் முகத்தை அப்போது பார்க்கவேண்டும் என்ற ஆசை தொண்டை வரை வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். சுபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் முழுதாக விளங்கவில்லை, ஆனால் முகம் வெளுத்திருந்தது. நாளைக்குச் சனிக்கிழமை, நகம் வெட்டும் நாள் என்பது எனக்கு நினைவு வந்தது.

தாளைப் பைக்குள்ளேயே நாலாகக் கிழித்தேன். அத்தான் காரை ஓரமாக நிறுத்தி, இடதா வலதா என்று வீதியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கண்ணாடியை இறக்கி, நடந்துபோன ஒருவரிடம் நானே வழி கேட்டேன். அவர் சொறி சொல்லிவிட்டு வலது பக்கம் காட்டினார்.

“வலப்பக்கம் திருப்புங்கோ, அத்தான்,” என்றேன். “இந்த முறையாவது போய்ச் சேருவம்.”